திருஷ்டி கழிக்கும் மீன்

நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் கொஞ்ச காலமாக ஒரு புது வகை மரணம் சர்வ சாதாரணமாக நடந்து வருகிறது. அதற்கு அழுகை கிடையாது, விசாரணை கிடையாது, சொல்லப்போனால், அதில் ஒரு திருப்தியே இருக்கிறது.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த மீன் இன்று காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. வீட்டுப் பெரியவர் வந்து பார்க்கிறார். முகம் ஒரு கணம் வாடுகிறது; மறு கணமே தெளிந்துவிடுகிறது. "நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்கிறார். அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பையன் எதையோ கேட்க வாயைத் திறக்கிறான்; "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, போடா" என்று துரத்தப்படுகிறான். மாலையில் அப்பா ஆபீசிலிருந்து திரும்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கொஞ்சம் தண்ணீர். தண்ணீருக்குள், அடுத்த கண்டத்தை வாங்கிக்கொள்ளப் போகிற மீன்.

நான் சொல்கிறேன்: அந்த மீன் யாருடைய கண்டத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. தன் உடம்பிலிருந்து வெளியேறிய விஷத்தையே இரவும் பகலும் சுவாசித்து அது செத்தது. அந்த விஷத்துக்கு அமோனியா என்று பெயர். அது சேர்ந்துகொண்டிருந்ததை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடிக்க யாரும் முயலவில்லை. கொலை என்ற சொல் பெரிது என்று தோன்றினால் வேறு சொல் தேடிக்கொள்ளுங்கள். தியாகம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடவுள் நம்பிக்கையோடு எனக்கு இங்கே வழக்கில்லை. கண் திருஷ்டியை நம்புகிறவரோடும் நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. பூசணிக்காயை உடையுங்கள், எலுமிச்சம்பழத்தை நசுக்குங்கள், மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுங்கள். பூசணிக்காய்க்கு மூச்சு கிடையாது, அதற்கு வலிக்காது. மீனுக்கு மூச்சு உண்டு. வலியும் உண்டு என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. பிரிட்டனில் டிரவுட் என்ற மீன்களின் உதட்டில் எரிச்சல் தரும் திரவத்தை ஏற்றிப் பார்த்து, 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மீன்கள் இரை எடுக்க மறுத்தன. உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே கிடந்தன. சில, உதட்டைக் கூழாங்கல்லில் போய்த் தேய்த்தன. பல்வலிக்காரன் கன்னத்தைத் தலையணையில் தேய்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவில்லை.

'வாஸ்து மீன்' என்று கடைத்தெருவில் விற்கிறார்களே, அதன் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் மீன் எந்தச் சாஸ்திரத்திலும் இருக்க முடியாது. ஏனென்றால், அது சாஸ்திரங்கள் எழுதப்பட்ட காலத்தில் உலகத்திலேயே இல்லை. 1990-களில் மலேசியா பக்கத்து மீன் பண்ணைகளில் வெவ்வேறு இனங்களைக் கலந்து மனிதன் உண்டாக்கிய மீன் அது. நெற்றிப் புடைப்பில் அதிர்ஷ்டத்தைக் கண்டவர்கள் சீன நம்பிக்கைக்காரர்கள். இங்கே வந்து இறங்கியதும் நம் வியாபாரிகள் அதற்குப் பூணூல் போட்டு வாஸ்து மீன் ஆக்கிவிட்டார்கள். போகட்டும், வியாபாரி வியாபாரம் செய்கிறான். ஆனால் அந்த மீன் ஏறக்குறைய ஓரடி வளரக்கூடியது, நிறையத் தின்னக்கூடியது, தின்ற அளவுக்குக் கழிக்கக்கூடியது என்பதையும் அவன் சொல்லியிருக்கலாம் அல்லவா? நாம் வாங்குகிற தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டர். வீட்டுக்கு வருகிற குடிநீர்க் கேனில் மூன்று கூட இல்லை. அதற்குள் ஓரடி மீன்! குளியலறைக்குள் யானையைக் கட்டிவிட்டு, அது செத்ததற்கு ஜாதகத்தைப் புரட்டுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மனிதர், வங்கியில் பொறுப்பான உத்தியோகம், ஒரு பைசாக் கணக்கு இடித்தாலும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவர். அவர் வீட்டுத் தொட்டியில் நாலாவது பிளவர்ஹார்ன் நீந்திக்கொண்டிருந்தது.

"முன்னே இருந்த மூன்றும்?" என்றேன்.

"ஒண்ணு என் ஆபரேஷன் சமயத்தில போச்சு சார். ஒண்ணு பெரியவன் ஸ்கூட்டர்லேருந்து விழுந்தப்போ. மூணாவது இந்தப் பொங்கலுக்கு. வீடு நிறைய ஜனம். யார் கண்ணோ!" என்றார்.

அவருடைய தாயார் உள்ளேயிருந்து, "மூணும் எங்களுக்காகப் போச்சு தம்பி" என்றார். அந்தக் குரலில் நன்றி இருந்தது. அதை நான் பரிகசிக்க மாட்டேன்.

"பொங்கலுக்கு முன்னால் தொட்டியைக் கழுவினீர்களா?" என்று கேட்டேன்.

"பின்னே? போகிக்கு முதல் நாள் வீடே கழுவியாச்சு. தொட்டியிலேருந்து தண்ணியெல்லாம் கொட்டி, கல்லெல்லாம் தேய்ச்சு, ஃபில்டர் பஞ்சைக் குழாயில காட்டிப் பிழிஞ்சு, பளபளன்னு வச்சோம் சார்!"

"ஆபரேஷனுக்கு முன்னால்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஊர்லேருந்து பார்க்க வர்றாங்கன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நேயர்களே, மர்மம் அந்த இடத்தில் உடைகிறது. வீட்டில் ஒரு விசேஷமோ விபத்தோ வந்தால் மனிதர்கள் வருகிறார்கள். மனிதர்கள் வருகிறார்கள் என்றால் வீடு கழுவப்படுகிறது. வீட்டோடு தொட்டியும் கழுவப்படுகிறது. வந்த குழந்தைகள் ஆளுக்கொரு பிடி இரையைத் தண்ணீருக்குள் போடுகின்றன. நாலு நாள் கழித்து மீன் சாகிறது. வந்தவர்களின் கண் பட்டது என்கிறோம். வந்தவர்களுக்காக நாம் செய்த 'சுத்தம்' பட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை.

சுத்தம் எப்படிக் கொல்லும்? இதைப் புரிந்துகொள்ளக் காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. நானே இன்டர்மீடியட்டோடு நின்றவன்.

நம் உடம்பில் உண்டாகும் அமோனியாவை நம் ஈரல் யூரியாவாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. மீனுக்கு அந்தச் சிரமமில்லை. அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆற்றில் அது ஓடிப் போகும். ஏரியில் கரைந்து போகும். தொட்டியில் எங்கே போகும்? தின்னாமல் மிஞ்சிய இரையும் அழுகி அதே அமோனியாவாகிறது. இவ்வளவுக்கும் தண்ணீர் பளிங்கு போல் இருக்கும்! அமோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லப் போதுமான அளவு அங்கே இருக்கும்போது நம் மூக்குக்கு வாசனைகூடத் தெரியாது.

அப்படியானால் எந்தத் தொட்டி மீனும் ஒரு மாதம் தாண்டக் கூடாதே, சில தாண்டுகின்றனவே என்றால், அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சில வேலைக்காரர்கள். கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபில்டர் பஞ்சிலும் ஒரு வகை நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் விஷந்தான், மீனின் ரத்தத்தில் ஏறிப் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டின் கொடுமை மிகக் குறைவு. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு கூட்டமும் ஒரு புதுத் தொட்டியில் குடியேறி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாமோ காலையில் தொட்டி வாங்கி மாலையில் மீன் விடுகிறோம்.

இது நேற்றைய கண்டுபிடிப்புமல்ல. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், தங்க மீன்களையும் நீர்ச்செடியையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அழுகும் இலைகளால் தண்ணீர் கெடுவதைக் கண்டு, இலைகளைத் தின்ன நத்தைகளை விட்டு, ஜீவன்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று ரசாயனச் சங்கத்தின் முன் விளக்கினார். இன்றைய மீன் தொட்டியின் மூதாதை அதுதான். அதைவிட வேடிக்கை, அதே பெயர் கொண்ட அவருடைய மகன் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை வைத்துக்கொண்டு, அமோனியா நைட்ரைட்டாகவும் நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறுவதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1890-ஐ ஒட்டி விநோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி அந்த நுண்ணுயிர்களையே பிரித்தெடுத்துக் காட்டினார். அப்பா தொட்டியை அமைத்தார். தொட்டி எதனால் உயிர் வாழ்கிறது என்ற புதிரில் பாதியை மகன் அவிழ்த்தார். நாம் தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

இப்போது போகிக்கு முதல் நாள் நடந்ததைத் திரும்பப் பாருங்கள். கல்லைத் தேய்த்தார்கள், வேலைக்காரர்களில் பாதி சாக்கடைக்குப் போயிற்று. பஞ்சைக் குழாயடியில் பிழிந்தார்கள். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கிறது. மீதிப் பாதியும் போயிற்று. அதே தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினார்கள். குளோரின் மீனின் செவுளை அரித்தது. நாலு நாள் விருந்தினர் கையால் இரை விழுந்தது. அமோனியா ஏறிற்று, அதைத் தின்ன ஒரு ஜீவன் இல்லை. சங்கராந்தி முடிந்தது, மீனும் முடிந்தது. இதில் யார் கண்ணைத் தேடுகிறீர்கள்?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அமோனியா எப்போதும் ஒரே அளவில் கொல்வதில்லை. தண்ணீரின் காரத்தன்மையை பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். 25 டிகிரி சூட்டில் பி.எச். 7 இருந்தால், தண்ணீரிலுள்ள மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ உருவத்தில் இராது. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்துக்கு மேல். ஏறக்குறைய பத்து மடங்கு! சூடு ஏறினால் இன்னும் ஏறும். சூடு ஏறும்போது பிராணவாயுவோ குறையும்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே சித்திரை வெயிலில், கார மிகுந்த போர்த் தண்ணீரில், கரண்டுச் செலவென்று இரவில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்குகிற வீட்டில், மீன் விடிவதைப் பார்ப்பதே ஆச்சரியம். இத்தனை கணக்கும் தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

சோதிப்பது என்றவுடன் சிரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். "மீனுக்கு லாபரட்டரியா?" என்பார்கள். ஐயா, லாபரட்டரி வேண்டாம். சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர். அதில் சில சொட்டு மருந்து. ஐந்து நிமிஷம் பொறுமை. பிறகு நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியது. வழக்கமாகக் கிடைக்கும் அமோனியா மருந்தில் தண்ணீர் மஞ்சளாக நின்றால் பயமில்லை; பச்சை தட்டினால் ஆபத்து. குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போய் வருகிற செலவில் இந்தப் பெட்டி மாதக்கணக்கில் வரும். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 40-க்குள், பி.எச். திடீரென்று ஏறி இறங்காமல்: இவ்வளவுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. புதுத் தொட்டியென்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள். நிலைத்த தொட்டியென்றால் வாரம் ஒரு முறை. காலண்டரில் ராகு காலம் பார்க்கிற நேரத்தைவிட அதிகமாகாது.

எதிர்த்தரப்பில் சில நல்ல வாதங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு ஜெயிக்க எனக்கு ஆசையில்லை.

"அந்தக் காலத்தில் கிணற்றில் மீன் விட்டார்கள், எவன் சோதித்தான்?" என்பது ஒன்று. உண்மைதான். பத்தடி விட்டமும் பத்தடித் தண்ணீரும் உள்ள சிறு கிணற்றில் 22,000 லிட்டர் இருக்கும். நம் தொட்டியைப்போல் ஏறக்குறைய நானூறு பங்கு. அதில் நாலு மீன். அவற்றுக்கு யாரும் இரை போடவில்லை. கொசுப் புழுவைத் தின்று அவை தம்மைக் காப்பாற்றிக்கொண்டன. பாசியும் சேறும் நுண்ணுயிரும் சேர்ந்து தண்ணீரைக் காத்தன. ஊற்று புதுநீர் கொண்டுவந்தது. கிணற்றைக் காட்டித் தொட்டிக்கு நியாயம் தேடுகிறவர், ஆலமரத்தைக் காட்டிப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறுக்கிறவர்.

"ஃபைட்டர் மீன் ஒரு டம்ளர் தண்ணீரில்கூடப் பிழைக்கும், அதன் சுபாவமே அப்படி" என்பது இரண்டாவது. தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும் அதற்குத் தாய்வீடு. 2019-ல் அந்நாட்டு அரசாங்கம் அதைத் தேசிய நீர்வாழ் உயிராகவே அறிவித்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேராகக் குடிக்க அதற்கு ஓர் உறுப்பு உண்டு. பிராணவாயுக் குறைவை அது தாங்கும். ஆனால் அமோனியா செவுளை எரிப்பதை அந்த உறுப்பு தடுக்குமா? வயல் ஆழமில்லாததுதான், டம்ளரல்லவே! அடைத்துவைத்தால் உடனே சாகாத காரணத்தால் ஒரு பிராணியை அடைக்கலாம் என்றால், அந்த நியாயத்தைச் சிறைச்சாலைகளுக்கும் நீட்டிப் பாருங்கள். எங்கே போய் முடிகிறது என்று தெரியும்.

மூன்றாவது வாதம் அனுபவஸ்தர்களுடையது. சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பே தொழிலாக இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் மூத்தவர் தொட்டியருகே நின்று, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிற விதத்தையும் துடுப்பை ஒடுக்கிக்கொள்கிற விதத்தையும் பார்த்தே தண்ணீரின் கோளாறைச் சொல்லிவிடக் கூடும். அந்தக் கண்ணை நான் வணங்குகிறேன். சீக்கு மீனுக்கு அவர்கள் கல்லுப்புப் போடச் சொல்வதிலும் நியாயமிருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. ஆனால் அந்தக் கண் பல ஆண்டு ஆயிரக்கணக்கான மீன்களிடம் படித்த பாடம். முந்தாநாள் தொட்டி வாங்கிய நமக்கு அந்தக் கண் ஏது? நமக்கு மீனின் கஷ்டம் தெரியவரும்போது அதன் செவுள் வெந்து போயிருக்கும். வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வதை, நாம் தெர்மாமீட்டர் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலாவது வாதந்தான் கனமானது. "மனிதன் குடிக்கத் தண்ணீருக்கு அலைகிறான், நீ மீனின் தண்ணீருக்கு அழுகிறாயே!" 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை யார் மறப்பார்கள்? குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய பெண்களின் முன்னால் நின்று மீன் தொட்டியைப் பற்றிப் பேச எனக்கும் நா எழாது.

ஆனால் அவர்கள் வீட்டிலா இந்தத் தொட்டிகள் இருக்கின்றன? தொட்டி நம் வீட்டில் இருக்கிறது. மீனை வளர்த்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. வளர்ப்பதென்றால், சோதிக்கிறவன்தான் தண்ணீரை மிச்சப்படுத்துகிறான். அவன் வாரத்துக்குக் கால்வாசி, அதாவது நம் கணக்குத் தொட்டியில் 14 லிட்டர், ஒரு வாளி மாற்றினால் போதும் என்று அறிவான். அந்த வாளியையும் துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றுவான். நைட்ரேட் செடிக்கு உரமல்லவா? சோதிக்காதவன், தண்ணீர் கலங்கினாற்போல் தோன்றியபோதெல்லாம் தொட்டி முழுவதையும் சாக்கடையில் கவிழ்க்கிறான்; கூடவே மீனையும் கொல்கிறான். ஏழையின் பெயரைச் சொல்லித் தன் சோம்பலுக்குக் குடை பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒரு வாதம் மிச்சமிருக்கிறது: "பத்து ரூபாய் மீன்தானே சார், செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்கிறது!" இதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது. ஒன்று மட்டும் தெரிவிக்கிறேன். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்க மீன் ஒன்று, 1999-ல் தான் செத்தது, வயது 43. நாம் மூன்று மாதத்தில் 'ஆயுசு முடிந்தது' என்று தூக்கிப் போடுகிற அதே ஜாதி மீன். அதன் ஆயுசை யார் முடித்தார்கள்?

எங்கள் ஜாதியையும் நான் சும்மா விடுவதாக இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கும் சினிமா எடுக்கிறவர்களுக்கும் பணக்கார வீட்டைக் காட்ட ஒரு சுருக்கு வழி இருக்கிறது: மேஜைமேல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் ஒற்றைத் தங்க மீன். கதாநாயகி தனிமையில் வாடினால், அந்த மீனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அவள் பெருமூச்சைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர், மீனின் மூச்சைப் பற்றி ஒரு வரி யோசிப்பதில்லை. மேலே குறுகிய வாயுள்ள கிண்ணத்தில் காற்று படும் பரப்பு குறைவு, ஃபில்டருக்கு இடமில்லை, தண்ணீரோ நாலு லிட்டர். இத்தாலியில் மோன்சா என்ற நகரம் 2004-லும், ரோம் நகரம் 2005-லும் இந்த உருண்டைக் கிண்ணங்களுக்குத் தடை விதித்தன. நம் கதைகளில் அவை இன்னும் அழகுக்காக உட்கார்ந்திருக்கின்றன. வாசகர் அதைப் பார்க்கிறார். குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கிறார்.

ஒரு மீனுக்காக இவ்வளவு கோபமா என்றால், மீனுக்காக மட்டுமில்லை. பள்ளிக்கூடத்துக்குத் துரத்தப்பட்டானே, அந்தப் பையனுக்காகவுந்தான். அவன் கேட்க வந்தது, "ஏன் செத்துப் போச்சு?" என்பது. மனித ஜாதி கேட்ட கேள்விகளிலேயே மிக உயர்ந்த கேள்வி அது. அதற்கு நாம் கொடுத்த விடை, "நமக்காகச் செத்தது." அந்த ஒரு விடையில் அவன் இரண்டு பாடங்களைப் படித்துவிட்டான். சாவுக்குக் காரணம் தேட வேண்டாம் என்பது முதல் பாடம். நாம் சௌக்கியமாக இருக்க இன்னொரு ஜீவன் சாவது நியாயந்தான், அதற்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது பாடம். இந்தப் பையன் நாளைக்குப் பெரியவனாவான். சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் மனிதர்கள் செத்த செய்தியைப் பத்திரிகையில் படிப்பான். "பாவம், விதி!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவான். அன்றைக்கு அவனை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. நாம்தான் சொல்லிக்கொடுத்தோம்.

அதே பையன் கையில் அந்தச் சிறு கண்ணாடிக் குழாயைக் கொடுத்திருந்தால்? ஞாயிறுதோறும் சொட்டு மருந்தை எண்ணி விட்டிருப்பான். மஞ்சளா பச்சையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பான். நோட்டில் தேதி போட்டு எழுதியிருப்பான். பளிங்கு போன்ற தண்ணீரிலும் விஷமிருக்கும் என்று ஒரு முறை கண்ணால் கண்டவன், பிறகு தான் குடிக்கிற தண்ணீரைப் பற்றியும் கேட்பான். ஊர் ஏரியைப் பற்றியும், அதில் தோல் பதனிடும் ஆலை எதை விடுகிறது என்பதைப் பற்றியும் கேட்பான். கேட்கிறவனுக்கு 'விதி' என்று பதில் சொல்லி அனுப்புவது அவ்வளவு சுலபமாயிராது.

ஆகவே என் கோரிக்கை சின்னது. தொட்டி வாங்கும் அன்றே சோதனைப் பெட்டியையும் வாங்குங்கள். இரண்டுக்கும் பணமில்லை என்றால் இரண்டையும் வாங்காதீர்கள். நுண்ணுயிர்கள் குடியேற ஆறு வாரம் பொறுத்திருங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக்கியபின் ஊற்றுங்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவுங்கள், தொட்டியை விட்டுவிடுங்கள். அத்தனைக்குப் பிறகும் மீன் செத்தால், பையனைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தாமல் ஐந்து நிமிஷம் நிறுத்தி வையுங்கள். அந்தத் தண்ணீரில் 5 மில்லி எடுத்து, அவன் கேள்விக்கு விடை என்ன நிறத்தில் வருகிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு அன்று கொஞ்சம் நேரமானால் பரவாயில்லை.